இடம் மாறும் பக்கங்கள்

ஒரு முதலாளிக்கு அம்பத்தூரில் ஒரு பட்டறை, பூந்தமல்லியில் இன்னொரு பட்டறை. ஒவ்வொன்றுக்கும் அருகிலேயே ஒரு கிடங்கு உண்டு. அம்பத்தூர்ப் பட்டறைக்கு அன்றாடம் வேண்டிய பொருள் பூந்தமல்லிக் கிடங்கில் கிடந்தால் என்ன ஆகும்? வேலை செய்யும் நேரத்தைவிட வண்டிக்குக் காத்திருக்கும் நேரமே மிகும் அல்லவா?

இதே தொல்லை பெரிய கணிப்பொறிகளுக்கும் உண்டு. பட்டறைகளுக்குப் பெயர் பெற்ற அம்பத்தூர் தொழிற்பேட்டையில், 2024 ஜனவரியில் 20 மெகாவாட் திறனுள்ள தரவு மையம் ஒன்று திறக்கப்பட்டது. இத்தகைய மையங்களில் உள்ள சர்வர்கள் பலவற்றில் இரண்டு செயலிகள் இருக்கும். ஒவ்வொரு செயலிக்கும் பக்கத்திலேயே அதற்குரிய நினைவகம். செயலியும் நினைவகமும் சேர்ந்தது ஒரு 'கணு'. அடுத்த கணுவின் நினைவகத்தையும் படிக்கலாம். ஆனால் நேரம் கூடும்.

நினைவகத்தை இயங்குதளம் பக்கங்களாகப் பிரித்து வைக்கிறது. பொதுவாக ஒரு பக்கம் 4096 பைட். எந்தப் பக்கத்தை எங்கே வைப்பது? லினக்ஸ் இயங்குதளத்தின் வழக்கமான விதி எளியது: ஒரு பக்கத்தை முதலில் தொடும் செயலி எதுவோ, அதன் கணுவிலேயே இடம். 'இந்தக் கணுவில் மட்டும் வை', 'எல்லாக் கணுக்களிலும் மாறி மாறி வை' என்ற விதிகளும் உண்டு.

சிக்கல் பிறகுதான் வருகிறது. சுமை கூடினால் வேலை அடுத்த செயலிக்கு மாற்றப்படும்; பக்கங்களோ பழைய இடத்திலேயே தங்கிவிடும்! இதற்குத் தானியங்கித் தீர்வு ஒன்று 2014இல் வெளியான லினக்ஸ் 3.13 பதிப்பில் விரிவாக அமைக்கப்பட்டது. இயங்குதளம் சில பக்கங்களைச் சிறிது நேரம் பூட்டி வைக்கும். எந்தச் செயலி வந்து தட்டுகிறது என்று குறித்துக்கொள்ளும். ஒரே கணுவிலிருந்து அடுத்தடுத்து இருமுறை தட்டினால், பக்கத்தை அங்கே மாற்றும். ஒரே தடவைக்கு மாற்றினால், இருவரும் பயன்படுத்தும் பக்கம் பந்துபோல் அலைந்துகொண்டே இருக்குமே!

மாற்றுவது எப்படி? புதிய கணுவில் காலியிடம் பிடிக்கப்படும். பக்க அட்டவணையில் பழைய பதிவு தடுக்கப்படும். உள்ளடக்கம் நகலெடுக்கப்பட்டு, புதிய இடம் அட்டவணையில் எழுதப்படும். பழைய இடம் விடுவிக்கப்படும். நிரலுக்கு எதுவும் தெரியாது! வீடு மாறினாலும் கைப்பேசி எண் மாறாததுபோல, அது அறிந்த முகவரி அப்படியே இருக்கும்.

இப்போது ஒரு கணக்கு. அருகில் படிக்க 10 அலகு நேரம், தொலைவில் படிக்க 20, பக்கத்தை மாற்ற 5000 அலகு என்று கொள்வோம். ஒவ்வொரு படிப்பிலும் மிச்சம் 10 அலகு. எனவே 500 முறைக்கு மேல் படித்தால்தான் லாபம். அதற்குக் குறைந்தால் நட்டமே.

மாற்றும் செலவு 8000 அலகானால் எத்தனை முறை படிக்க வேண்டும்? நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்!