உலக அமைதியும் நாடுகளின் கூட்டுறவும்

போரைத் தொடங்க ஒரு நாடு போதும்; அமைதியைக் காக்கவோ பல நாடுகள் ஒன்றுசேர வேண்டும். இவ்வுண்மையை உலகம் இரு பெரும் போர்களின் பேரிழப்புக்குப் பின்னரே முழுமையாக உணர்ந்தது. அமைதிக்கான பன்னாட்டுக் கூட்டுறவு எங்கே வென்றது, எங்கே தோற்றது, அதற்குக் காரணம் யாது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

முதல் முயற்சி

முதல் உலகப்போருக்குப் பின், 1920 ஜனவரி 10ஆம் நாள் பன்னாட்டுச் சங்கம் தோன்றியது. சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரம் அதன் தலைமையிடமாயிற்று. ஓர் உறுப்பு நாட்டின்மீது தொடுக்கப்படும் போரை அனைத்து நாடுகளின் மீதும் தொடுக்கப்பட்ட போராகக் கருதுவதே அதன் அடிப்படைக் கொள்கை.

ஆலந்துத் தீவுகள் எவருக்கு உரியவை என்பதில் பின்லாந்துக்கும் சுவீடனுக்கும் பிணக்கு எழுந்தது. 1921இல் சங்கம் அத்தீவுகளைப் பின்லாந்துக்கு உரியவை என முடிவு செய்தது. அங்கு வாழ்ந்தோரின் சுவீடிய மொழிக்கும் தன்னாட்சிக்கும் பாதுகாப்பு அளித்தது. இரு நாடுகளும் அம்முடிவை ஏற்றன.

வலிமைமிக்க நாடுகளிடம் சங்கத்தின் சொல் எடுபடவில்லை. இவ்வமைப்பு தோன்ற முன்னின்றவர் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன். ஆனால், அந்நாட்டு மேலவை இசைவு தராமையால் அமெரிக்கா அதில் சேரவேயில்லை. 1931இல் மஞ்சூரியாவைக் கைப்பற்றிய ஜப்பான், சங்கம் கண்டித்தபோது அதிலிருந்தே விலகியது. 1935இல் இத்தாலி எத்தியோப்பியாவின்மீது படையெடுத்தது. சங்கம் இத்தாலிக்கு எதிராகப் பொருளாதாரத் தடை விதித்தது. ஆயினும், போருக்கு இன்றியமையாத எண்ணெய் அத்தடையில் இடம்பெறவில்லை. எத்தியோப்பியப் பேரரசர் ஹெயிலி செலாசி 1936இல் ஜெனீவாவுக்கே வந்து நீதி கேட்டார், பயன் விளையவில்லை. மூன்று ஆண்டுகளில் இரண்டாம் உலகப்போர் மூண்டது.

ஐக்கிய நாடுகள் அவை

1945 ஜூன் 26ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ நகரில் 50 நாடுகள் புதிய பட்டயத்தில் கையெழுத்திட்டன. இந்தியாவின் சார்பில் கையெழுத்திட்டவர்களுள் ஒருவர் ஆற்காடு இராமசாமி முதலியார். அவரே பின்னர் ஐ.நா.வின் பொருளாதார, சமூக மன்றத்துக்கு முதல் தலைவரானார். வறுமையும் உரிமை மறுப்பும் நீடிக்கும்வரை அமைதி நிலைக்காது என்னும் எண்ணமே அம்மன்றம் தோன்றக் காரணமாகும்.

பேரரசுகள் வெளியே நின்றால் அமைப்பு வலுவிழக்கும் என்பது முன்னைய தோல்வி புகட்டிய பாடம். எனவே, பாதுகாப்பு அவையில் ஐந்து நாடுகளுக்கு நிலையான இடமும் 'வீட்டோ' என்னும் மறுப்புரிமையும் வழங்கப்பட்டன. இது பேரரசுகளை உள்ளே நிறுத்தியது. அவற்றுள் ஒன்றே தவறிழைக்கும்போது அவையைச் செயலற்றதாகவும் ஆக்கியது.

சூயஸ் காட்டிய வழி

1956இல் எகிப்து சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கியது. இஸ்ரேலும், அதனைத் தொடர்ந்து பிரிட்டனும் பிரான்சும் எகிப்தைத் தாக்கின. பிரிட்டனும் பிரான்சும் மறுப்புரிமையைப் பயன்படுத்தியதால் பாதுகாப்பு அவை முடங்கியது. சிக்கல் பொது அவைக்குச் சென்றது. போரிடும் படைகளுக்கு நடுவே பன்னாட்டுப் படையொன்றை நிறுத்தலாம் எனக் கனடாவின் லெஸ்டர் பியர்சன் முன்மொழிந்தார். இந்திய வீரர்களும் அப்படையில் பணியாற்றினர். எவரையும் வெல்வது அப்படையின் நோக்கமன்று. இருதரப்புக்கும் இடையே நிற்பதே அதன் கடமை. அவ்வீரர்களை எளிதில் அடையாளம் காணத் தலைக்கவசங்களுக்கு நீலநிறம் பூசப்பட்டது. அமெரிக்காவின் அழுத்தமும் சேர, தாக்கிய நாடுகள் பின்வாங்கின.

பத்தாண்டுகளுக்கு மேல் அப்படை அங்கு நின்றது. அது எகிப்தின் இசைவோடு நின்ற படையாகும். 1967இல் எகிப்து அவ்விசைவைத் திரும்பப் பெற்றதும் படை வெளியேறியது. சில வாரங்களிலேயே மீண்டும் போர் வெடித்தது.

நாம் அறிவது

இன்று ஐ.நா.வில் 193 நாடுகள் உறுப்பினராக உள்ளன. உறுப்பு நாடுகளுக்கு மேற்பட்டதொரு தனி வலிமை அவ்வமைப்புக்கு இல்லை. நாடுகள் மனம் ஒன்றிய இடத்தில் ஆலந்தும் சூயஸும் அமைதி கண்டன. மனம் ஒன்றாத இடத்தில் எத்தியோப்பியா தனித்து விடப்பட்டது. பிறநாட்டின் துன்பத்தைத் தம் துன்பமாகக் கருதி, அதற்குரிய இழப்பையும் ஏற்க நாடுகள் முன்வரும்போதே உலக அமைதி உறுதிபெறும்.