அரைஞாண் கயிறு சொல்லும் அளவு

எடையைக் குறைக்கச் சொல்லி மருத்துவமனைகளில் எழுதிக் கொடுக்கும் உணவுத் தாள்களில் பெரும்பாலானவை நகரவாசியை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. காலையில் ஓட்ஸ், நண்பகலில் இரண்டு சப்பாத்தி, மாலையில் ஒரு கிண்ணம் சாலட், பிறகு உடற்பயிற்சிக் கூடம். புதூர்நாட்டிலிருந்தோ நெல்லிவாசலிலிருந்தோ மலையிறங்கி வரும் ஒருவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகிறார். அது சட்டையோடு சேர்ந்து துவைபட்டுப் போகிறது. இதில் அவரைக் குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை. அவருடைய அடுப்பையும் வேலையையும் அறியாத தாள் அவருக்குப் பயன்படாது. ஜவ்வாது மலையிலும் அதன் அடிவாரத்திலும் வாழும் ஆண்களுக்காகவும், அவர்களுக்குச் சமைத்துப் போடும் குடும்பத்தினருக்காகவும் இக்கட்டுரை எழுதப்படுகிறது.

நோயின் அளவை முதலில் பார்ப்போம். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள ஆண்களில் மிகை எடை கொண்டவர்கள் 2015-16இல் சுமார் 28 சதவீதம். 2019-21இல் 37 சதவீதம். சுமார் நான்கு ஆண்டுகளில் இது பெரிய ஏற்றம். மலைக் கிராமங்களில் இதே நிலை என்று சொல்ல முடியாது. அங்கே மெலிந்த ஆண்கள் இன்றும் பலர் உள்ளனர்; போதிய உணவின்றி மெலிந்தவரை மேலும் இளைக்கச் சொல்வது தீங்காகும். ஆயினும் கை கால்கள் ஒல்லியாக இருக்க, வயிறு மட்டும் முன்தள்ளிய ஆண்களை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். சர்க்கரை நோய்க்கும் மாரடைப்புக்கும் வழி திறப்பது குறிப்பாக இந்த வயிற்றுக் கொழுப்புதான்.

இந்தியர்களுக்கு உடல் நிறைக் குறியீட்டெண் 23ஐத் தாண்டினாலே மிகை எடை. 25 முதல் உடற்பருமன். 165 செ.மீ. உயரமுள்ள ஒருவருக்கு 68 கிலோ என்பதே உடற்பருமனின் தொடக்கம். ஐரோப்பியர்களுக்கு இந்த எல்லை 30. அதே எடையில் நம் உடலில் கொழுப்பு கூடுதலாகவும் தசை குறைவாகவும் இருப்பதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். வயிற்றுச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ.க்குள், அதாவது ஏறக்குறைய முப்பத்தைந்தரை அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில் அளக்க வேண்டும். கைலி கட்டும் இடம் தொப்பைக்குக் கீழே இறங்கியிருக்கும். அங்கே அளந்தால் கணக்கு பொய்க்கும்.

அளவு நாடா இல்லாத வீட்டிலும் அரைஞாண் கயிறு இருக்கும். அது இறுகிவிட்டதென்று ஒவ்வோர் ஆண்டும் நீளமான கயிறாக மாற்றிக் கட்டுபவர், தம் உடல் தந்த எச்சரிக்கையைக் கவனிக்காமலே அறுத்துப் போடுகிறார். பழைய கயிற்றை எறியாமல் புதியதோடு வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

மலையில் என்ன மாறிற்று? முன்பு சாமையும் கேழ்வரகும் அன்றாட உணவாக இருந்தன. ஏர் உழுவதும் சுமை தூக்கி ஏறி இறங்குவதும் அன்றாட வேலையாக இருந்தன. 2011 ஜூன் முதல் நியாயவிலைக் கடைகளில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. பசியைப் போக்கிய அத்திட்டத்தை நான் குறை கூறமாட்டேன். ஆனால் மூன்று வேளையும் அரிசிச் சோறு, மலைப்பாதையில் மோட்டார் சைக்கிள், ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஒரே இடத்தில் நின்றோ அமர்ந்தோ செய்யும் வேலை ஆகிய மூன்றும் சேர்ந்தால் வயிறு வளராமல் என்ன செய்யும்?

அதற்காகச் சிறுதானியத்தை மருந்தாக நினைத்துவிடவும் வேண்டாம். நூறு கிராம் சாமையிலும் நூறு கிராம் அரிசியிலும் ஏறக்குறைய ஒரே அளவு கலோரிதான் உள்ளது. சாமையில் நார்ச்சத்து மிகுதி. ஆகவே பசி சீக்கிரம் திரும்புவதில்லை. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து ஏராளம். ஆனால் களி உருண்டை மூன்று என்றால் அது மூன்று உருண்டையின் கணக்குத்தான். நைசாக அரைத்த மாவில் காய்ச்சிய கூழ், களியைவிட விரைவாகச் சர்க்கரையை ஏற்றும். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழியும் இப்படித்தான் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது: கொள்ளு ரசத்தை ஊற்றி வழக்கத்தைவிட ஒரு தட்டுச் சோறு கூடுதலாக உண்பவரின் எடை குறையாது. கொள்ளை வேகவைத்துச் சோற்றின் இடத்தில் வைத்தால் பலன் உண்டு.

ஆகவே நான் சொல்வது இதுதான். தட்டில் பாதி கீரைக் கடைசலும் காயும். கால் பங்கு மொச்சை, அவரை, கொள்ளு, முட்டை அல்லது மீன். மீதிக் கால் பங்கு மட்டும் களியோ சாமையோ சோறோ. வேறெதையும் வாங்க வேண்டியதில்லை. சீத்தாப்பழக் காலத்தில் கூடையோடு அமர்ந்துவிடாமல் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் பாதி போதும்.

வீட்டில் உண்பதைவிட வெளியில் குடிப்பதே பல ஆண்களின் கணக்கைக் கெடுக்கிறது. நாளொன்றுக்கு ஐந்து தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ சர்க்கரை ஆகிறது. கூடவே தின்னும் போண்டா தனி. 180 மில்லி பிராந்தியில் சுமார் 400 கலோரி உள்ளது. ஆறு இட்லிக்குச் சமம். தொட்டுக்கொள்ளும் மிக்சரும் பிறகு வரும் பரோட்டாவும் அந்தக் கணக்கில் சேரவில்லை. மனைவி வீட்டில் எண்ணெயை அளந்து ஊற்றி என்ன பயன்?

ஆண்களை அவர்கள் இருக்கும் இடத்திலேயே சந்திக்க வேண்டும் என்பதை உலகம் சற்றுத் தாமதமாகவே கற்றுக்கொண்டது. ஸ்காட்லாந்தில் 13 கால்பந்துக் கழகங்கள், பருமனான ரசிகர்களைத் தங்கள் மைதானத்துக்கே அழைத்து 12 வாரப் பயிற்சி அளித்தன. 747 ஆண்கள் பங்கேற்ற அந்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. பயிற்சி பெற்றவர்கள் ஓராண்டு முடிவில் மற்றவர்களைவிடச் சராசரியாக ஏறக்குறைய 5 கிலோ கூடுதலாக எடை குறைந்திருந்தனர். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கறுப்பின ஆண்கள் மருத்துவமனையை நாடத் தயங்கியபோது, அவர்கள் வழக்கமாக முடிவெட்டிக்கொள்ளும் கடைகளுக்கே மருந்தாளுநர்கள் சென்றனர். இரத்த அழுத்தம் வியக்கத்தக்க அளவு இறங்கியதாக 2018இல் வெளிவந்த முடிவுகள் காட்டின.

நம் மாநிலத்துச் சான்று இன்னும் நெருக்கமானது. சென்னையைச் சேர்ந்த மருத்துவர் அம்பாடி ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 537 வேலைக்குச் செல்லும் ஆண்களை இரண்டு ஆண்டுகள் கவனித்தனர். அனைவருக்கும் தொடக்கத்தில் அறிவுரை கூறப்பட்டது. ஒரு பிரிவினருக்கு மட்டும் உணவும் நடையும் குறித்த குறுஞ்செய்திகள் கைப்பேசியில் தொடர்ந்து அனுப்பப்பட்டன. 2013இல் வெளியான முடிவு: செய்தி பெறாதவர்களில் 27 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது, பெற்றவர்களில் 18 சதவீதம் பேருக்கு மட்டுமே. இதே குழுவினர் 2006இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், உணவையும் நடையையும் சீர்செய்தவர்களின் எடை பெரிதாக இறங்கவில்லை; ஆனாலும் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. எடை பார்க்கும் இயந்திரத்தில் முள் அசையவில்லையே என்று மூன்றாம் வாரத்தில் மனம் விட்டுவிடுபவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் வீட்டு வாசலிலேயே பார்க்கப்படுகின்றன. பகல் நேரத்தில் வீட்டில் இல்லாத ஆண்கள் அதைத் தவறவிடுகின்றனர். ஊர்ப் பெரியவர்களும் தேநீர்க் கடைக்காரர்களும் மனம் வைத்தால், மாலையிலோ சந்தை நாளிலோ ஒன்றுகூடி அளவு பார்த்துக்கொள்ளலாம். இளைஞர்கள் கைப்பந்து ஆடும் திடலில் நாற்பது வயதுக்காரர்களுக்கும் இடம் கொடுங்கள். சர்க்கரை குறைந்த தேநீர் கேட்பவரைக் கடையில் கேலி செய்யாதீர்கள்.

எடை குறையத் தொடங்கியதும் ஊரார் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: “என்ன, இப்படி இளைத்துவிட்டீர்கள், சர்க்கரையா?” இந்தக் கேள்விக்கு அஞ்சியே பழைய அளவுக்குத் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். “நானாகத்தான் குறைத்தேன்” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குடும்பத்தாரும் அதையே சொல்லட்டும். 80 கிலோ உள்ளவர் ஆறு மாதத்தில் நான்கைந்து கிலோ குறைத்தாலே போதுமானது. முயற்சியின்றித் தானாக எடை இறங்கினால் காத்திராமல் வந்து காட்டுங்கள். சர்க்கரை நோயோ காசநோயோ காரணமாக இருக்கலாம்.

இன்சுலின் போடுபவர்களும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை உண்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் உணவைக் குறைக்கக் கூடாது. மருந்தின் அளவையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டியிருக்கும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, தலைச்சுற்றல் தோன்றினால் உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108 ஆம்புலன்சை அழையுங்கள். நடக்கும்போது மார்பு இறுகினாலும், காலில் ஆறாத புண் இருந்தாலும் நடைப்பயிற்சியை நிறுத்திவிட்டு முதலில் புறநோயாளிகள் பிரிவுக்கு வாருங்கள். வரும்போது மருந்துச் சீட்டோடு, சமைப்பவரையும் அழைத்து வாருங்கள்.