ஃபென்ஸ் அளவை எந்தப் பல்லிலிருந்து எடுப்பது?

வீட்டு கார் போர்ச்சில் ஒரு மேசை ரம்பத்தை வைத்துக்கொண்டு சமையலறை கேபினட், துணி அலமாரி என்று செய்து கொடுக்கும் நம்மவர்கள் இருக்கிறார்கள். எல்லா வேலையும் முடிந்து கதவு பொருந்தாமல் போகும்போது பலகையைக் குறை சொல்வோம், டேப்பைக் குறை சொல்வோம். பெரும்பாலும் கோளாறு ஃபென்ஸில்தான் இருக்கும். பலகை ஒட்டி நகர்வதற்காக மேசைமீது நிற்கும் நீளச் சட்டத்தைத்தான் பட்டறைகளில் ஃபென்ஸ் என்கிறோம்.

மேசையின் முன்பக்கம் ஒட்டியிருக்கும் அளவுப் பட்டையை அப்படியே நம்பிவிடக் கூடாது. ரம்பத் தகட்டை மாற்றினால் அதன் பல்லின் தடிமனும் மாறலாம். சாதாரணத் தகடு ஏறக்குறைய 3.2 மில்லிமீட்டர் மரத்தைத் தூளாக்கும். மெல்லிய தகடு 2.4 மில்லிமீட்டர் அளவுக்கு. சில இயந்திரங்களில் இதனாலேயே பட்டையின் பூஜ்ஜியம் நகர்ந்துவிடுகிறது.

ஆகவே நேரடியாக அளப்பதே நல்லது. முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. இரும்பு அளவுகோலை ஃபென்ஸில் முட்டவைத்து, ஃபென்ஸைப் பார்த்திருக்கும் பல்லின் ஓரம்வரை அளவெடுங்கள். பலர் தகட்டின் உடம்பிலிருந்து அளக்கிறார்கள். பல் உடம்பைவிட அகலமானது, பக்கத்துக்கு அரை மில்லிமீட்டர் வரை வெளியே நிற்கும். உடம்பிலிருந்து 400 என்று வைத்தால் கிடைப்பது 399.5 தான். அப்படி வெட்டிய ஐந்து பெட்டிகளைச் சுவரோரம் வரிசையாக நிறுத்தினால் 2.5 மில்லிமீட்டர் இடைவெளி தெரியும். வீட்டுக்கார அம்மாவின் கண்ணில் முதலில் படுவதும் அதுதான்.

டேப்பால் அளந்தால் அதன் முனைக் கொக்கியை நம்ப வேண்டாம். அது சற்று ஆடுவது பழுதல்ல. உள்ளளவிலும் வெளியளவிலும் தன் தடிமனைச் சரிக்கட்டவே ஆடுகிறது. இது தெரியாமல் ஒருமுறை நான் சுத்தியலால் தட்டி இறுக்கிவிட்டேன். அந்த டேப் பிறகு ஒரு வேலைக்கும் ஆகவில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. 1220 மில்லிமீட்டர் அகல பிளைவூட்டை நடுவில் வெட்டினால் இரண்டு 610 கிடைக்காது. ரம்பம் 3 மில்லிமீட்டரைத் தின்றுவிடும். ஃபென்ஸை 610இல் வைத்தால் ஒரு துண்டு 610, மறு துண்டு 607. இரண்டும் சமமாக வேண்டுமென்றால் 608.5இல் வையுங்கள்.

முன்னால் சரியாக இருப்பது பின்னாலும் சரியாக இருக்குமா? இதைத்தான் பலர் பார்ப்பதில்லை. ஒரு பல்லில் மார்க்கரால் புள்ளி வையுங்கள். அது முன்பக்கம் இருக்கும்போது மேசைக் காடிக்கும் அதற்கும் உள்ள தூரத்தை அளந்து, தகட்டைக் கையால் சுற்றி, அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோய் மீண்டும் அளக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் தகடு காடிக்கு நேர். பிறகு ஃபென்ஸுக்கும் காடிக்கும் உள்ள தூரத்தை முன்னும் பின்னும் பாருங்கள். பின்பக்கம் ஃபென்ஸ் ரம்பத்தை நெருங்கியிருந்தால் ஆபத்து. பலகை இடையில் நெரிபட்டு, பின்பக்கம் மேலெழும் பற்களில் சிக்கி, வெட்டுபவர் மீதே பாயும். அந்த வேகத்தில் கையை இழுத்துக்கொள்ள நேரம் இருக்காது. பலகையோடு கையும் ரம்பத்துக்குள் போய்விடலாம். அளப்பதற்காகக் கழற்றிய மூடியையும், தகட்டுக்குப் பின்னால் நிற்கும் பிளவுத் தகட்டையும் மாட்டாமல் ரம்பத்தை ஓட்ட வேண்டாம்.

கடைசியாக, நல்ல பலகையைத் தொடுமுன் கழிவுப் பலகை ஒன்றை வெட்டிப் பாருங்கள். ஓர் அடி நீளமாவது இருக்கட்டும். சிறு துண்டைக் கையால் பிடித்து வெட்டாதீர்கள், தள்ளுகோலைப் பயன்படுத்துங்கள். வெட்டிய துண்டை வெர்னியர் காலிப்பரால் இரு முனையிலும் அளந்து, வித்தியாசத்தை ஃபென்ஸில் திருத்திய பிறகே ஒரே அளவுத் துண்டுகள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வெட்டுங்கள். நடுவில் ஃபென்ஸை நகர்த்திவிட்டால், மறுபடியும் கழிவுப் பலகையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.