குர்பானியும் மழைநீர் வடிகாலும்

2016 செப்டம்பர் 13 அன்று, ஹஜ்ஜுப் பெருநாள் நாளில், டாக்கா நகரில் கனமழை பெய்தது. சாந்திநகர் போன்ற தாழ்ந்த பகுதிகளில் தேங்கிய வெள்ளத்தில் குர்பானிப் பிராணிகளின் இரத்தம் கலந்து தெருக்கள் செந்நிறமாயின. மாநகராட்சிகள் அறுப்புக்கெனத் தனியிடங்களை ஒதுக்கியிருந்தும், பலர் வீட்டு வாசலிலும் வாகனம் நிறுத்துமிடத்திலுமே அறுத்தனர். அந்தப் படங்கள் உலகெங்கும் பரவின. அவற்றைக் கண்டோர் என்ன பேசினர் என்பதைவிட, அந்த நீர் எங்கே சென்றது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

நகரங்களில் பெரும்பாலும் இருவகைப் போக்குகள் உள்ளன. வீட்டுக் கழிவுநீர்க் குழாய் சுத்திகரிப்பு நிலையத்தை நோக்கிச் செல்வது. தெருவோர மழைநீர் வடிகாலோ, எவ்விதச் சுத்திகரிப்புமின்றி நேரே ஓடைக்கும் ஆற்றுக்கும் கடலுக்கும் செல்வது. சென்னையில் முன்னதைக் குடிநீர் வாரியமும் பின்னதை மாநகராட்சியும் பராமரிக்கின்றன. இவ்வேறுபாட்டை அறியாமல், வாசலைக் கழுவிய நீரைக் கண்ணில் பட்ட வடிகாலில் தள்ளிவிடுவதே நம்மிடையே வழக்கமாகிவிட்டது.

இரத்தம் நீரில் சிதையும்போது, நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை நுண்ணுயிர்கள் உறிஞ்சிக்கொள்கின்றன. ஒரு லிட்டர் இரத்தம் முழுதும் சிதைய ஒரு லட்சம் மில்லிகிராமுக்கும் மேற்பட்ட பிராணவாயு தேவை. ஒரு லிட்டர் வீட்டுச் சாக்கடை நீருக்கோ சில நூறு மில்லிகிராமே போதும். வெப்பநாட்டு ஆற்றின் தூய நீர் ஒரு லிட்டரில் கரைந்திருப்பது ஏறத்தாழ 8 மில்லிகிராம். கணக்கிட்டுப் பார்த்தால், ஒரு லிட்டர் இரத்தம் பன்னிரண்டாயிரம் லிட்டர் நீரின் உயிர்மூச்சை வாங்கிவிட வல்லது. மீன்கள் செத்து மிதப்பது அதன் பின்விளைவு.

மார்க்கச் சட்டம் இதில் மௌனமாக இல்லை. வானிலிருந்து இறங்கும் நீர் தூய்மையானது என்பது திருமறையின் கூற்று (25:48). ஓடும் இரத்தம் அசுத்தம் என்பதும் அதிலிருந்தே பெறப்படுவது (6:145). தமிழகக் கடற்கரை ஊர்களில் பரவலாகப் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபின்படி, இரண்டு குல்லா, அதாவது ஏறத்தாழ 200 லிட்டர் நீரில் அசுத்தம் விழுந்தாலும், நிறமோ சுவையோ மணமோ மாறாதவரை அது தூய்மையானதே. மாறிவிட்டாலோ, எவ்வளவு நீராயினும் நஜீஸ்தான். இதில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடில்லை. ஆகவே அன்று டாக்காவின் செந்நீரில் நடந்து பள்ளிவாசல் சென்றவர், கால் கழுவாமல் தொழுகையில் நிற்க இயலாது. ஒருவரின் வணக்கம் மற்றவரின் வணக்கத்துக்கு இடையூறாகிறது! பாதையிலிருந்து தொல்லை தருவதை அகற்றுவதையும் ஈமானின் கிளைகளில் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் எண்ணியதை இங்கே நினைவுகூர்கிறோம்.

செய்ய வேண்டியது கடினமன்று. மண் தரையுள்ள இடத்தில், கிணற்றுக்கு எட்டத்தில் குழி தோண்டி, இரத்தத்தை அதில் வடியவிட்டு, சுண்ணாம்பு தூவி மண்ணால் மூடிவிடலாம். சிமெண்டுத் தரையாயின், முன்கூட்டியே மணலோ மரத்தூளோ பரப்பி, பின்னர் வாரியெடுக்க வேண்டும். குழாய் நீரைப் பீய்ச்சி அடிப்பது கடைசி வேலையாக இருக்கட்டும். அந்த நீரும் கழிவுநீர்க் குழாயையே சேர வேண்டும். குடல் கழிவு உரக்குழிக்கு உரியது. மஹல்லா ஜமாஅத்துகள் பொது அறுப்பிடம் ஒன்றை ஏற்பாடு செய்தால் இவையனைத்தும் எளிதாகும்.

சந்திர ஆண்டுக் கணக்கில் ஹஜ்ஜுப் பெருநாள் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னகர்கிறது. 2007 முதல் 2013 வரை அது தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வந்தது. 2039ஆம் ஆண்டின் இறுதியில் மீண்டும் அங்கே வரும். இடைப்பட்ட வெயில்காலப் பெருநாள்களில் வடிகாலில் ஊற்றியதும் அங்கேயே உறைந்து கிடந்து, அடுத்த மழையோடு ஆற்றைச் சேர்கிறது.