மரத்தடி ஓ.பி.

நேரம் கேட்டு வாங்காமல், நேரே உள்ளே போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வரும் கிளினிக்குகள் இப்போது பெருநகரங்களில் ஒரே பெயர்ப்பலகையோடு தெருவுக்குத் தெரு முளைக்கின்றன. புதிய ஏற்பாடு என்று விளம்பரம் சொல்கிறது. வேலூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை. வேலூரில் மருத்துவமனை நடத்திய ஐடா ஸ்கடர், 1906 வாக்கிலேயே சாலையோர மருத்துவத்தைத் தொடங்கிவிட்டார். வேலூரிலிருந்து குடியாத்தம் ஏறக்குறைய 35 கிலோமீட்டர். அந்தச் சாலையில் குறித்த நாளில் குறித்த மரத்தடிகளில் சனம் காத்திருக்கும். முதலில் மாட்டுவண்டி, 1909இல் ஒரு பியூஜோ கார் வந்தது. பேய்தான் வருகிறது என்று காரைப் பார்த்து ஓடினார்களாம். ஓடியவர்கள் அடுத்த வாரம் வரிசையில் நின்றிருப்பார்கள் என்பது என் ஊகம்.

வந்தவர்கள் கொண்டுவந்தது கண்வலி, சொறிசிரங்கு, காய்ச்சல், சொத்தைப்பல், ஆறாத புண். மரத்தடியில் எக்ஸ்ரே கிடையாது, ரத்தப் பரிசோதனை கிடையாது. ஒருவருக்குச் சில நிமிஷங்கள்தான். இப்படி வந்து நிற்கும் கூட்டத்தில் பலருடைய நோய் தானாகவே தீர்ந்துவிடும். மருந்து எழுதுவது அந்த டாக்டருக்குச் சின்ன வேலை. வீட்டுக்கு அனுப்பக்கூடாத ஒருவரைக் கூட்டத்திலிருந்து பொறுக்கி எடுப்பதுதான் பெரிய வேலை. அதற்கு அவர் நம்பியிருப்பது வலியை. வலிக்கிறது, அரிக்கிறது, எரிகிறது என்றுதான் மனிதர்கள் டாக்டரிடம் வருகிறார்கள். வலியையே அழித்துவிடும் நோய் ஒன்று இருந்தால்?

தொழுநோய் அப்படிப்பட்டது. வெளிறியோ சிவந்தோ ஒரு படை. அரிக்காது, வலிக்காது, அந்த இடத்தில் தொட்டால் தெரியாது. தேமல் என்று விட்டுவிடுவார்கள். காய்ச்சலுக்கு மாத்திரை கேட்டு வந்தவர் தோளில் இருக்கும் அந்தப் படையைப் பற்றி வாயே திறக்கமாட்டார். அதில் சொல்ல அவருக்கு என்ன இருக்கிறது?

இதற்குக் காரணமான கிருமியை நார்வேயில் ஹான்சென் 1873இல் கண்டுபிடித்தார். அதன் சோம்பேறித்தனத்துக்கு, நமக்கு நோய் தரும் பாக்டீரியாக்களில் ஈடு இல்லை. நம் குடலில் வாழும் ஈ.கோலை வசதியான சூழலில் 20 நிமிஷத்தில் இரண்டாகிவிடும். காசநோய்க் கிருமிக்கு ஏறத்தாழ ஒரு நாள். தொழுநோய்க் கிருமி ஒருமுறை இரண்டாக ஏறக்குறைய இரண்டு வாரம் எடுத்துக்கொள்கிறது. உடம்புக்குள் புகுந்தபின் அடையாளம் காட்டச் சராசரியாக ஐந்து வருஷம். சிலருக்கு இருபதுகூட ஆகும். இன்றுவரை எந்த ஆய்வகக் கண்ணாடித் தட்டிலும் அது வளர்ந்ததில்லை. ஏன் என்பதற்கு 2001இல் ஒரு விடை கிடைத்தது. அதன் மரபணுத் தொகுதியை முழுதாகப் படித்தபோது, வேலை செய்யும் மரபணுக்கள் 1,600 அளவில்தான் இருந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டவை உடைந்து கிடந்தன. அதன் உறவான காசநோய்க் கிருமிக்கோ 4,000 பக்கம். தனியாகப் பிழைக்கும் சாமர்த்தியத்தைப் பெருமளவு தொலைத்துவிட்ட உயிர் இது. படித்தது எந்தக் கிருமியை என்றால், தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து எடுத்த வகையை.

அதற்குக் குளிர்ச்சி பிடிக்கும். நம் உள்ளுடம்பு 37 டிகிரி. அதற்கு 33ஓ அதற்கும் கீழோ வேண்டும். ஆகவேதான் காதுமடல், மூக்கு, கைகால் விரல்கள். அக்குளிலும் தலைமயிருக்குள்ளும் படை அபூர்வம். 1960இல் ஷெப்பர்ட் என்ற ஆய்வாளர் அதை வளர்க்க எலியின் பாதத்தைத் தேர்ந்தெடுத்ததும், 1971இல் உடல்சூடு குறைந்த ஆர்மடில்லோ என்ற அமெரிக்க விலங்கில் அது பெருகியதும் இந்தக் குளிர்ச்சியால்தான்.

இனி முழங்கைக்கு வருவோம். உள்பக்க எலும்பை எங்காவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை கரண்ட் அடித்தமாதிரி சுர்ரென்று பாயும் அல்லவா? அப்படிப் பாயவைக்கும் நரம்பு அங்கே தோலுக்கு வெகு அருகில் ஓடுகிறது. அருகில் என்றால் குளிர்ச்சி. கிருமி அங்கே தங்கி, நரம்பிழையைப் போர்த்தியிருக்கும் ஷ்வான் செல்களுக்குள் குடியேறுகிறது. நரம்பு தடிக்கிறது, பிறகு மோதிரவிரலும் சுண்டுவிரலும் மடங்கத் தொடங்குகின்றன. 1946இல் வேலூர் வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், கை மடங்கிப்போனவர்களிடமும் முன்கையின் ஆழத்துத் தசைகள் பலவும் நல்ல பலத்தோடு இருப்பதைக் கவனித்தார். அவற்றின் தசைநாண்களை விரல்களுக்கு மாற்றித் தைத்தார். மடங்கிய கை விரிந்தது. விரல்கள் தேய்ந்து போவது கிருமி சதையைத் தின்பதால் அல்ல, சுட்டாலும் வெட்டினாலும் தெரியாமல் போவதால் என்று நிறுவியதிலும் அவர் பங்கு பெரிது. பீடி சுற்றும், தறி ஓட்டும், தீப்பெட்டி அடுக்கும் குடியாத்தத்தில் மரத்த விரல் என்றால் அது போன கூலி.

மரத்தடிக்குத் தோதான நோய் இது என்பதுதான் வேடிக்கை. நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, படையின்மேல் பஞ்சாலோ இறகாலோ தொட்டு, தொட்ட இடத்தைக் காட்டச் சொல்ல வேண்டும். பிறகு முழங்கைப் பள்ளத்தில் விரல் வைத்து நரம்பை உருட்டிப் பார்க்க வேண்டும். ஒரு நிமிஷம் போதும். ஆனால் ஆள் வந்து கேட்க மாட்டாரே! வேலூருக்குப் பக்கத்தில் 1955இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மையம் அதனால்தான் குடியாத்தம் தாலுகாவைத் தன் களமாக எடுத்துக்கொண்டு, வீடுவீடாகப் போய்த் தோலைப் பார்க்க ஊழியர்களை அனுப்பியது.

இன்றைய கிளினிக் டாக்டருக்கு வாசல்தோறும் போக நேரமில்லை. ஆனால் பி.பி. பார்க்கச் சட்டைக்கையை ஏற்றும்போது மேல்கை தெரிகிறது. ஸ்டெதாஸ்கோப் வைக்கும்போது முதுகு தெரிகிறது. சளிக்கு வந்தவரிடம் சளியை மட்டும் பார்த்து அனுப்புவதை நான் பாதி வைத்தியம் என்றுதான் சொல்வேன். கண்டுபிடித்துவிட்டால் மீதி எளிது: அரசு மருத்துவமனையில் கூட்டு மருந்து இலவசம், நோயின் வகையைப் பொறுத்து ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ. அதிலுள்ள ரிஃபாம்பிசின் முதல் வேளையிலேயே கிருமிகளில் மிகப் பெரும்பாலானவற்றைக் கொன்றுவிடும். நரம்பு அவ்வளவு இணங்காது. உணர்ச்சி போய் ஆறு மாதத்துக்குள் என்றால் ஸ்டீராய்டு கொடுத்து மீட்டுப் பார்க்கலாம். அதற்குமேல் மடங்கிய விரலை நிமிர்த்த பிராண்ட் காட்டிய தசைநாண் அறுவைதான் வழி. விரல் நிமிரும், உணர்ச்சி திரும்பாது.