நாலு ஓட்டை... மூணு பிளாக்!

‘புஸ்ஸ்ஸ்ஸ்...’

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுல கேட்கவே கூடாத சத்தம் எதுன்னு கேட்டா, மெக்கானிக்கல் படிச்ச எங்க டீம் நாலு பேரும் கோரஸா இதைத்தான் சொல்வோம். காத்து லீக் ஆகுற சத்தம்!

விஷயம் ரொம்பச் சின்னது. கம்ப்ரஸர்ல இருந்து வர்ற காத்தை மூணு சிலிண்டருக்குப் பிரிச்சுத் தர்ற அலுமினிய மேனிஃபோல்டு. 6061 ரகக் கட்டை, அதுல நாலு ஓட்டை, ஓட்டைக்குள்ள 1/4 இன்ச் டேப்பர் மரை. அவ்வளவுதான். ‘இதெல்லாம் ஒரு மேட்டரா மச்சி’னு நானே சொன்னேன். நான்தான் டீம் லீடர்!

டேப்பர் மரைன்னா என்னன்னு கேட்கிற மத்த டிபார்ட்மென்ட் மக்களுக்கு... சாதாரண போல்ட்டு மரை ஒரே விட்டத்துல நேரா இருக்கும். பைப் மரை அப்படியில்ல. 16 மி.மீ. நீளத்துக்கு 1 மி.மீ. விட்டம் குறையும். அதனால ஃபிட்டிங் உள்ள போகப் போக ஆப்பு மாதிரி இறுகும். அந்த இறுக்கம்தான் லீக்கை அடைக்குது. ராபர்ட் பிரிக்ஸ்னு ஒரு இன்ஜினீயர் 1860-கள்ல அமெரிக்காவுல வகுத்த கணக்கு இது. இன்னிக்கு என்.பி.டி. மரைங்கறது அதோட வாரிசுதான்.

கோயமுத்தூர் கணபதி பக்கம் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப். சி.என்.சி. மில்லிங் மெஷின்ல மணிக்கணக்குப் பார்த்துத்தான் காசு. டேப் போட்டு மரை வெட்டலாமான்னு கேட்டோம். “வேண்டாங் கண்ணு. டேப்பர் டேப்பு உள்ள போகப் போக எல்லாப் பல்லும் ஒண்ணாக் கடிக்கும். அலுமினியம் வேற பசை மாதிரி ஒட்டிக்கும். உடைஞ்சு உள்ள நின்னுச்சுன்னா கட்டையே போச்சு. த்ரெட் மில் போட்டுக்கலாம்”னார் ஆபரேட்டர் அண்ணன்.

த்ரெட் மில்லுங்கறது ஓட்டைக்குள்ள சுத்திக்கிட்டே, வட்டமும் போட்டு, மேல ஏறி வர்ற குட்டி கட்டர். அண்ணன்கிட்ட இருந்தது ஒத்தைப் பல் கட்டர். எங்க டீம்ல ஒருத்திதான் ப்ரோக்ராம் எழுதினா. ஜி03 போட்டு, அடியில இருந்து மேல, ஒரு சுத்துக்கு 1.41 மி.மீ. ஏத்தம்... பார்க்கவே அழகா இருந்துச்சு. ஃபிட்டிங்கைத் திருகினா, வழுக்கிக்கிட்டுக் கடைசி வரைக்கும் போயிடுச்சு. இறுகவே இல்ல!

காரணம் சிம்பிள். ஜி03-க்குத் தெரிஞ்சது ஒரே ஆரம் உள்ள வட்டம்தான். ஒவ்வொரு சுத்துக்கும் ஆரம் 0.044 மி.மீ. கூடணும், அப்பதான் வாய் அகலமா டேப்பர் வரும். அதுக்கு அந்தச் சுத்தைச் சின்னச் சின்னத் துண்டா உடைச்சு, துண்டுக்குத் துண்டு ஆரத்தைக் கூட்டிக்கிட்டே போகணும். அது மிஸ்ஸிங். ஒர்க்‌ஷாப்னும் பார்க்காம அவளைத் திட்டித் தீர்த்துட்டேன். அவ ஒண்ணும் பேசல. ராத்திரியெல்லாம் உட்கார்ந்து மாத்தி எழுதிக் கொண்டுவந்தா.

ரெண்டாவது கட்டை. காசு எங்க பாக்கெட் மணி. இந்த வாட்டி அளவும் பக்கா. அதை ப்ளக் கேஜ் போட்டுத்தான் பார்ப்பாங்க. கையால திருகினதும் கேஜ்ல இருக்கிற படி, கட்டையோட முகத்துக்குச் சமமா நிக்கணும். ஒரு சுத்து முன்னப்பின்ன இருக்கலாம், அதுக்கு மேல கூடாது. விட்டத்துல 0.1 மி.மீ. பெருசாயிட்டாலே ஃபிட்டிங் 1.6 மி.மீ. அதிகமா உள்ள போயிடும், ஒரு மரைக்கும் மேல! எங்களுது சமமா நின்னுச்சு.

கடையில வாங்கின ஃபிட்டிங்கை மாட்டினோம். ரெண்டு மூணு சுத்துல டைட். 6 பார் காத்து விட்டோம். சோப்புத் தண்ணி ஊத்தினா நுரை பொங்குது. ‘மறுபடியும் உன் ப்ரோக்ராமா?’னு நான் ஆரம்பிக்க, அவ ‘கேஜ் நிக்குதுல்ல?’ன்னா. கேட்டாத்தானே! ஸ்பேனரைப் போட்டு ஒரு அழுத்து அழுத்தினேன். ‘டிக்’! ஓரத்து ஓட்டையில விரிசல்.

அண்ணன் ஃபிட்டிங்கைக் கழட்டி பிட்ச் கேஜை வெச்சுப் பார்த்தார். சிரிச்சார். “ஏனுங் தம்பி, கட்டையில இருக்கிறது இன்ச்சுக்கு 18 மரை. நீங்க வாங்கிட்டு வந்தது 19 மரை!”

நம்ம ஊர்க் கடையில ‘கால் இன்ச்’னு சும்மா கேட்டா, பெரும்பாலும் கையில தர்றது பி.எஸ்.பி. பிரிட்டிஷ் ரகம், மரைக்கோணம் 55 டிகிரி. நாங்க ட்ராயிங்கைச் சுட்டது ஒரு அமெரிக்க கேட்லாக்ல இருந்து. அது 60 டிகிரி என்.பி.டி. ரெண்டுலயும் டேப்பர் ஒண்ணுதான், அதனால ஆரம்பத்துல ஏறும், ஏமாத்தும். அரை இன்ச், முக்கால் இன்ச்னா இன்னும் மோசம். ரெண்டுக்கும் 14 மரை. மாறினதே தெரியாது, லீக் ஆகும்போதுதான் தெரியும்.

ஃபிட்டிங் வாங்கினது யாரு? நான்தான். ‘ஸாரி’ங்கிற ரெண்டெழுத்தைச் சொல்ல எனக்கு பஸ் ஸ்டாப் வரைக்கும் ஆச்சு. “அந்த ட்ராயிங்ல என்.பி.டி.ன்னு எழுதியிருந்துச்சு, படிச்சியா?”ன்னா. அதுக்கு மேல எதுவும் சொல்லல. அதுதான் ரொம்ப வலிச்சுது.

மூணாவது கட்டையில மரை வெட்டும்போது அண்ணன் மண்ணெண்ணெய் ஊத்திக்கிட்டே இருந்தார், சில்லு ஒட்டாம இருக்க. சரியான ஃபிட்டிங்கைத் தேடி வாங்கினோம். டெஃப்லான் டேப்பை (மரை வெட்டுற டேப் வேற, இந்த டேப் வேற... தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒண்ணு!) மரை ஏறுற திசையிலேயே சுத்தி, முதல் மரையை மட்டும் சும்மா விட்டோம். டேப் சுத்தினா வழுக்கும். இன்னும் கொஞ்சம் இறுக்கலாம்னு கை துறுதுறுங்கும். அலுமினியம் அதைத் தாங்காது. கையால முடிஞ்ச வரைக்கும், அப்புறம் ஸ்பேனர்ல ஒன்றரைச் சுத்து. போதும்.

இந்த வாட்டி ஸ்பேனர் அவ கையில. சோப்புத் தண்ணி நாலு ஓட்டையிலும் அசையாம நின்னுச்சு.

ரிவ்யூவுக்கு வந்த எக்ஸ்டர்னல் மேனிஃபோல்டைக் கையில எடுத்து, இப்படி அப்படித் திருப்பிப் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்...

“இதுக்குப் பெயின்ட் அடிக்கலையா?”