அருந்ததியை அளந்து பார்த்தோம்

திருமணத்தில் அம்மி மிதித்ததும் மணமக்களை அழைத்து வானத்தைக் காட்டுவார்கள். "அருந்ததி தெரிகிறதா?" என்று கேட்பார்கள். பட்டப்பகலாக இருந்தாலும் மணமகள் தலையை ஆட்டிவிடுவார். தெரியாததைத் தெரிகிறது என்று சொல்லும் அந்தத் தலையாட்டல் கல்யாண மேடையில் பரவாயில்லை. அறிவியலில் அதற்கு இடமில்லை. கேமரன் மலையில், தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளோடு அதே அருந்ததியின் பக்கத்தில் தொலைநோக்கியைத் திருப்பியபோது இந்தப் பாடத்தை நாங்கள் படித்தோம். நான் இங்குள்ள ஓர் இடைநிலைப்பள்ளியில் அறிவியல் ஆசிரியர். அந்தக் கதையையும் அதற்குப் பின்னால் இருக்கும் 300 ஆண்டுத் தமிழ்நாட்டுத் தொடர்பையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

வடக்கே ஒரு ஜோடி, தெற்கே ஒரு ஜோடி

ஜூன் மாதத் தொடக்கத்தில் இரவு 10 மணிக்கு வெளியே வந்து வடக்கு நோக்கி நில்லுங்கள். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் ஏறத்தாழ 10 பாகை. அடிவானத்திலிருந்து நான்கு முஷ்டி உயரத்தில் சப்தரிஷி மண்டலம் தெரியும். அதன் வால் பகுதியில் நடுவில் இருப்பது வசிட்டர்; மேல்நாட்டுப் பெயர் மிசார். அதை ஒட்டி மங்கலாகத் தெரிவதுதான் அருந்ததி. கண் நன்றாக இருந்தால் இரண்டும் தனித்தனியாகத் தெரியும்.

இப்போது தெற்கே திரும்புங்கள். இரண்டரை முஷ்டி உயரத்தில் இரண்டு பிரகாசமான விண்மீன்கள் அக்கம்பக்கமாக நிற்கும். இடப்பக்கம் இருப்பது ஆல்பா சென்டாரி. நமக்கு மிக அருகில், சுமார் 4.4 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கும் விண்மீன் குடும்பம் அது. நிலநடுக்கோட்டுக்கு நாலரை பாகை வடக்கே நாம் வசிப்பதால்தான் இரண்டையும் ஒரே இரவில் பார்க்க முடிகிறது. லண்டனில் இருப்பவருக்கு ஆல்பா சென்டாரி அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. சிட்னியில் இருப்பவர் வசிட்டரைப் பார்ப்பது மிகக் கடினம்.

வசிட்டரைத் தொலைநோக்கியில் பார்த்தால் அதுவே இரண்டாகப் பிரிந்து தெரியும். கலிலியோவின் நண்பர் காஸ்டெல்லி 1617-ல் இதைக் கவனித்தார். ஆல்பா சென்டாரியும் அப்படித்தான். அது இரட்டை என்று கண்டுபிடிக்கப்பட்ட இடம் நமது பாண்டிச்சேரி!

புதுச்சேரியும் சென்னையும்

ழான் ரிச்சோ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் சயாமில் பணியாற்ற வந்தவர். 1688-ல் அங்கே அரசியல் புரட்சி வெடித்த பிறகு பாண்டிச்சேரிக்கு வந்து சேர்ந்தார். 1689 டிசம்பரில் ஒரு வால்மீனைக் கவனித்துக்கொண்டிருந்தபோது, தொலைநோக்கிக்குள் ஆல்பா சென்டாரி இரண்டாகத் தெரிவதைப் பார்த்துக் குறித்து வைத்தார்.

இரண்டு விண்மீன்கள் அருகருகே தெரிவதால் மட்டும் அவை ஜோடி ஆகிவிடாது. ஒன்று மிக அருகிலும் மற்றொன்று வெகு தொலைவிலும் இருந்து, ஒரே திசையில் தெரிகிறதாக இருக்கலாம். உண்மையான ஜோடி ஒன்றையொன்று சுற்றும். 1779 முதல் பல ஆண்டுகள் அளந்து பார்த்த வில்லியம் ஹெர்ஷல்தான் 1803-ல் இதற்குச் சான்று தந்தார்.

அந்த அளக்கும் வேலை சென்னைக்கும் வந்தது. 1792-ல் நுங்கம்பாக்கத்தில் கட்டப்பட்ட மதராஸ் வான்காணகத்துக்கு, 1848-ல் கேப்டன் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப் பொறுப்பேற்றார். இரட்டை விண்மீன்களை அளப்பதில் பழக்கம் உள்ளவர். 70 ஒபியூச்சி என்ற ஜோடி கணக்குப்படி நகராமல் சற்று விலகுவதாக அவருக்குத் தோன்றியது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கோள் இழுப்பதுதான் காரணமாக இருக்கலாம் என்று 1855-ல் அறிவித்தார். சூரியனுக்கு வெளியே வேறொரு விண்மீனுக்குக் கோள் உண்டு என்று தொலைநோக்கி அளவைக் காட்டிச் சொன்ன முதல் முயற்சிகளில் அது ஒன்று.

ஆனால் அந்தக் கோள் இல்லை. 1890-களில் மற்றொருவரும் அதே ஜோடியில் அப்படி ஒரு துணை இருப்பதாகச் சொன்னார். அவர் சொன்ன பாதையில் எந்தப் பொருளும் நிலைத்திருக்க முடியாது என்று 1899-ல் மோல்டன் கணக்கிட்டுக் காட்டினார். ஜேக்கப் கவனமான அளவீட்டாளர். என்றாலும் அவர் தேடிய விலகல், அந்தக் காலத்துக் கருவி செய்யக்கூடிய பிழையைவிடப் பெரியதாக இல்லை. அளவு எவ்வளவு முக்கியமோ, அதில் எவ்வளவு பிழை இருக்கக்கூடும் என்பதும் அவ்வளவு முக்கியம்.

இரண்டே எண்கள்

இரட்டை விண்மீனை அளப்பது என்றால் இரண்டு எண்களைக் கண்டுபிடிப்பது. ஒன்று, இடைவெளி. இரண்டு, திசைக்கோணம்: பிரகாசமான விண்மீனிலிருந்து பார்த்தால் துணை எந்தத் திசையில் இருக்கிறது என்பது. வடக்கு 0 பாகை, கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270.

இடைவெளியை விகலையில் சொல்வார்கள். ஒரு பாகையில் 3,600 விகலைகள். வசிட்டர் ஜோடியின் இடைவெளி சுமார் 14.4 விகலை. எதிர்ச்சரிவில் 200 மீட்டர் தள்ளி நிற்கும் தேயிலைச் செடியில், ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான ஒரு கொழுந்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் அடிக்கும் நுனிக்கும் நடுவே உங்கள் கண்ணில் உண்டாகும் கோணம்தான் அது.

முன்பு மெல்லிய நூல் பொருத்திய கருவியைக் கண்ணருகே வைத்து அளந்தார்கள். 1857-ல் ஹார்வர்டு வான்காணகத்தில் ஜார்ஜ் பாண்ட் இதே வசிட்டரைக் கண்ணாடித் தகட்டில் படமெடுத்து அளந்து, இந்தத் துறையில் புகைப்படத்துக்கு வழி திறந்தார். இன்று அந்தத் தகட்டின் இடத்தில் கட்டைவிரல் அளவு கேமரா வந்துவிட்டது. படத்தில் இரண்டு விண்மீன்களுக்கும் நடுவே எத்தனை பிக்சல் என்று எண்ணி, ஒரு பிக்சலுக்கு எத்தனை விகலை என்று தெரிந்துகொண்டு பெருக்கினால் போதும்.

"போதும்" என்று எழுதிவிட்டேன். அங்கேதான் மாட்டிக்கொண்டோம்.

27-ம் 153-ம்

எங்கள் தொலைநோக்கி 127 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. குவியத் தூரம் 1,500 மில்லிமீட்டர் என்று குழாயின் மேல் அச்சிட்டிருக்கிறது. கேமராவின் ஒரு பிக்சல் 3.75 மைக்ரான். இவற்றிலிருந்து, ஒரு பிக்சலுக்கு 0.516 விகலை என்று கணக்குப் போட்டோம். மூடுபனி விலகிய ஓர் இரவில் வசிட்டரை 40 படங்கள் எடுத்தோம். காற்றின் அசைவால் விண்மீன் படத்துக்குப் படம் நடுங்கும். அதனால் பல படங்களை அளந்து சராசரி காண வேண்டும். சராசரி 29.4 பிக்சல் வந்தது. பெருக்கினால் 15.2 விகலை. திசைக்கோணம் 27 பாகை.

அட்டவணையில் 14.4 விகலை, 153 பாகை என்று இருந்தது.

படிவம் நான்கு மாணவி ஒருத்தி கொஞ்ச நேரம் காகிதத்தைப் பார்த்தாள். "சார், 180-லிருந்து 27-ஐக் கழிச்சா 153 தானே? கழிச்சுட்டு எழுதிடலாமா?" என்றாள்.

கணக்கு சரிதான். விடையும் சரியாகிவிடும். ஆனால் ஏன் கழிக்க வேண்டும் என்று கேட்டேன். அவளிடம் பதில் இல்லை. உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் என்னிடமும் இல்லை. அவளுடைய அப்பா தேயிலை ஆலையில் வேலை செய்கிறார். "தராசு தப்பா இருந்தா தராசைத்தானே பார்க்கணும், மூட்டையில ஏன் கை வைக்கணும்னு அப்பா சொல்வாங்க" என்று அவளே சொல்லிவிட்டுச் சிரித்தாள். எண்ணை விட்டுவிட்டுத் தராசைப் பார்க்கத் தொடங்கினோம்.

மறுபடி வானம் திறந்த இரவில் இரண்டு சோதனைகள் செய்தோம். முதலாவது, தொலைநோக்கியின் மோட்டாரை நிறுத்துவது. பூமி சுழல்வதால் விண்மீன் படத்தில் நேர்கோட்டில் மேற்கே ஓடும். வசிட்டர் இருக்கும் இடத்தில் 60 வினாடிக்கு அது நகரும் தூரம் சுமார் 518 விகலை. இது பூமியே தரும் அளவுகோல். எங்கள் படத்தில் அது 1,057 பிக்சல் ஓடியது. அப்படியானால் ஒரு பிக்சலுக்கு 0.490 விகலை, 0.516 அல்ல. எங்கள் வகைத் தொலைநோக்கியில் குவியம் சரிசெய்ய உள்ளே உள்ள ஆடி நகரும். பின்னால் கூடுதல் பாகங்களை மாட்டும்போது குவியத் தூரமும் மாறிவிடும். அச்சிட்ட எண்ணை நம்பியது எங்கள் தவறு. 29.4-ஐ 0.490-ஆல் பெருக்கிப் பாருங்கள். 14.4 வரும்.

இரண்டாவது, தொலைநோக்கியை மெல்ல வடக்கே நகர்த்துவது. அப்போது விண்மீன் படத்தின் தெற்கு ஓரம் நோக்கிப் போக வேண்டும். நாங்கள் வடக்கு என்று நினைத்த பக்கம் நோக்கிப் போனது! கேமராவுக்கு முன்னால் ஒரு வளைவு ஆடியை மாட்டியிருந்தோம். கண்ணாடியில் பார்த்தால் வலது இடதாகிவிடுவதைப்போல அது படத்தைப் புரட்டியிருந்தது. ஓடிய கோட்டை வைத்து மேற்கைச் சரியாகக் கண்டோம். வடக்கை மட்டும் தலைகீழாக எடுத்துக்கொண்டோம். வடக்கும் தெற்கும் இடம் மாறினால் 153 என்பது 27 ஆகத்தான் வரும். இப்போது 180-லிருந்து கழிக்கலாம். காரணம் தெரிந்துவிட்டது.

குறிப்பேட்டில் பழைய எண்களை அழிக்க வேண்டாம் என்றேன். 15.2-ம் 27-ம் ஒற்றைக் கோட்டால் அடிக்கப்பட்டு, பக்கத்தில் காரணத்தோடு இன்னும் இருக்கின்றன. இறுதி அளவுக்குக் கீழே, 0.2 விகலை கூடவோ குறையவோ இருக்கலாம் என்றும் எழுதினாள்.

இதனால் என்ன பயன்?

இரட்டை விண்மீனை அளந்தால் விண்மீனையே எடை போடலாம். ஆல்பா சென்டாரி ஜோடி ஒருமுறை சுற்றிவர சுமார் 80 ஆண்டு. சராசரித் தூரம், பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல் 23.4 மடங்கு. கெப்ளர் விதிப்படி 23.4-ஐ மும்மடி பெருக்கி, 80-இன் வர்க்கத்தால் வகுங்கள். ஏறத்தாழ 2 வரும். இரண்டும் சேர்ந்து இரண்டு சூரியன்களின் நிறை! தொலைவும் காலமும் தெரிந்தால் தராசு இல்லாமலே எடை தெரிந்துவிடுகிறது.

ஆனால் 80 ஆண்டுச் சுற்றை ஒருவர் ஒரே மூச்சில் அளக்க முடியாது. ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றொருவர் தொடர வேண்டும். அமெரிக்கக் கடற்படை வான்காணகம் பராமரிக்கும் வாஷிங்டன் இரட்டை விண்மீன் அட்டவணையில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஜோடிகள் உள்ளன. பலவற்றைப் பல ஆண்டுகளாக யாரும் மீண்டும் அளக்கவில்லை. 2013-ல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் கையா விண்கலம் நூறு கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்களை அளந்துவிட்டு 2025 தொடக்கத்தில் பணியை முடித்துக்கொண்டது. ஆனால் ஆல்பா சென்டாரி அதன் கண்ணுக்கு மிகப் பிரகாசம். 2016-ல் அந்த ஜோடியின் இடைவெளி சுமார் 4 விகலைதான். அதன்பின் விரிந்துகொண்டே வருகிறது. இந்தப் பத்தாண்டின் இறுதிவரை அதைப் பிரித்துப் பார்ப்பது எளிதாகிக்கொண்டே போகும்.

எங்கள் மலையில் இதற்கு இடைஞ்சல்கள் உண்டு. மதியம் ஏறும் மேகம் பல இரவுகளில் இறங்குவதில்லை. பூந்தோட்டக் கூடாரங்களின் விளக்கொளி மேகத்தில் பட்டுத் திரும்புகிறது. தெற்கே இரண்டரை முஷ்டி உயரம் என்பது பல லயங்களில் மலைமுகட்டுக்குப் பின்னால் போய்விடும். ஆனாலும் ஜோடி விண்மீன்கள் பிரகாசமானவை. மங்கலான விண்முகில்களைப் பார்க்க முடியாத வானத்திலும் இவற்றை அளக்கலாம்.

உங்களிடம் தொலைநோக்கி இல்லாவிட்டாலும் தொடங்குங்கள். வரும் ஜூன் இரவில் வடக்கே வசிட்டர் அருந்ததியையும், தெற்கே ஆல்பா சென்டாரியையும் வெறுங்கண்ணால் கண்டுபிடியுங்கள். பார்த்த தேதி, நேரம், வானத்தின் நிலை மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அருந்ததி தெரியவில்லை என்றால், தெரியவில்லை என்றே எழுதுங்கள். அந்த மாணவியின் அடுத்த ஜோடி ஆல்பா சென்டாரி. போன வாரம் மூன்று இரவுகள் காத்திருந்தோம். மூன்று நாளும் நோட்டில் "மேகம்" என்றுதான் எழுதியிருக்கிறாள்.